எதிர்ப்பக்கத்து வேணு

சாயங்கால வெயிலில் வேணுவும் ஆதிராஜும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு புங்கமரத்தடிக்கு நடந்து போவதைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேருமே நெட்டை. இரண்டு பேர் நிழலும் மைதானத்தைக் கடந்து, சுற்றுச்சுவர் ஏறிக் குதித்து, ரோட்டில் போகிற பஸ்ஸின் மேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இறங்கும். அப்படியெல்லாம் நிழல் போகுமா என்று கேட்கிறவர்கள் அந்தச் சுவர்மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம். போகும். போனது.

மரத்தடியில் அவர்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. கேட்கவும் கூடாது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் ஆள் பிரிப்பது அப்படித்தான். ஒரே மாதிரி ஆடுகிற இரண்டு பேர் ஜோடியாக ஒதுங்கிப் போய், ஆளுக்கொரு பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். எந்தப் பெயர் எவனுடையது என்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். கேப்டன் ஒரு பெயரைக் கேட்பான். அந்தப் பெயருக்கு உரியவன் அவன் பக்கம். மற்றவன் எதிர்ப்பக்கம். சின்னப் பிள்ளைகள் தெருவில் உத்தி பிரிக்கிற அதே வழிதான். மீசை முளைத்து, கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்ற பிறகும் அந்த மைதானத்தில் அதை மாற்றவில்லை. ஏன் மாற்ற வேண்டும்? அதைவிட நியாயமான வழி ஒன்று இருந்தால் கொண்டுவந்து காட்டட்டும்.

"நெல்லு வேணுமா, மல்லாட்டை வேணுமா?" என்று முதல் வருஷம் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அது எண்பத்தொன்பதாம் வருஷம். மண் தரையில் ஆடிக்கொண்டிருந்த இடத்துக்கு அப்போதுதான் சிமெண்ட் போட்டிருந்தார்கள்.

"நெல்லு," என்றான் கேப்டன்.

ஆதிராஜ் சிரித்தபடி அவன் பக்கம் போனான். வேணு இந்தப் பக்கம் வந்தான். அன்றைக்குப் பிரிந்தவர்கள்தான்.

இரண்டு பேரும் போஸ்ட் ஆட்டக்காரர்கள். போஸ்ட் என்றால் வளையத்துக்கு அடியில் நிற்கிறவன். முதுகால் எதிராளியை நெருக்கிக்கொண்டு, கையை உயர்த்திப் பந்துக்குக் காத்திருப்பவன். அந்த ஊரில் அவ்வளவு உயரத்துக்கு வேறு ஆள் கிடையாது. ஆகையால் வேணுவுக்கு ஜோடி ஆதிராஜ், ஆதிராஜுக்கு ஜோடி வேணு. ஜோடி என்றால் பிரிந்தாக வேண்டும். ஊரிலேயே அவர்களைப்போலச் சிநேகிதர்கள் இல்லை, ஆனால் ஆட்டத்தில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தள்ளிக்கொண்டே இருந்தார்கள். வேணுவுக்கு ஆதிராஜின் பிடரி மச்சம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். ஆட்டத்தின்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது.

வேணுவுக்குச் செங்கம் ரோட்டில் சைக்கிள் கடை. பங்க்சர் ஒட்டுவான், ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்குச் சைக்கிள் விடுவான். கடை ஷட்டரில் நெற்றி இடிக்காத நாள் இல்லை. சந்திரகலா அவனைக் கட்டிக்கொண்டு செங்கத்திலிருந்து வந்த புதிதில், "மாப்பிள்ளை உயரம்னு சொன்னாங்க, ஒட்டடை அடிக்கக் கழி வாங்க வேணாம்னு யாரும் சொல்லலியே," என்றாள். நல்ல பெண். வாயும் நல்ல வாய்.

ஆதிராஜ் அவலூர்ப்பேட்டை ரோட்டில் ஒரு கிராமத்துக்காரன். சமணக் குடும்பம், நயினார்மார். டவுனில் விதைக் கடையில் வேலை. அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் வாயில் பருக்கை படக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பாதியில் நிற்பது அதற்காகத்தான். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, சுவரோரமாக உட்கார்ந்து, ஆதிராஜ் எலுமிச்சஞ்சாதம் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எல்லாரும் காத்திருப்பார்கள். டவுனுக்கு மேற்கே மலை. சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும்.

"நயினாரே, பொழுது போயிடுச்சு, இனிமே துன்ன முடியாது. வா, ஆடலாம்," என்று யாராவது சீண்டுவார்கள்.

"பொழுது எங்கயும் போவல. உங்க மலை குறுக்க வந்து நிக்குது," என்பான் ஆதிராஜ், நிதானமாக மென்றுகொண்டு.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடுகிறவர்கள் பத்துப் பேர் என்றால் சுவர்மேல் உட்கார்ந்து பேசுகிறவர்கள் அதற்கு நாலு மடங்கு. மளிகைக் கடைக்காரர், லாட்ஜ் மேனேஜர், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிற சக்கரபாணி சார். விசில் ஊதுகிறவரும் அவர்தான், சட்டம் பேசுகிறவரும் அவர்தான். சுவரோரம் வேகவைத்த மல்லாட்டைக் கூடையோடு காசியம்மாள். பந்தைக் கையால் தொட்டதில்லை, ஆனால் அவள் ஒப்புக்கொள்ளாமல் ஒரு ஜோடியும் ஜோடி ஆகாது. "இவன் அவனுக்கு ஈடா? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கூடையிலிருந்தே குரல் வரும்.

அவர்களுடைய தர்க்கம் வருஷம் முழுக்க ஒன்றேதான். யாரை முதலில் எடுப்பது, போஸ்ட்டையா, கார்டையா?

"வூட்டுக்கு நடுக்கம்பம் போஸ்ட்டு. கம்பம் இல்லாம கூரை நிக்குமா?" என்பாள் காசியம்மாள்.

"கம்பம் நின்னுக்கினே இருக்கட்டும். கீழ இருந்து பந்தைத் தட்டிக்கினு வந்து குடுக்கறவன் கார்டு. அவன் வரலன்னா உன் கம்பத்துல துணிதான் காயப்போடணும்," என்பார் சக்கரபாணி.

"உனுக்கு இன்னா சார் தெரியும்? நீ ஆபீஸ்ல நாற்காலியப் புடிச்சிக்கினு இருக்கறவன்."

"அதான் சொல்றேன். எந்த நாற்காலி யாருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

காணும் பொங்கல் அன்றைக்குத்தான் பெரிய ஆட்டம். மார்கழிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆள் பிரித்துவிடுவார்கள். அதற்கும் ஆட்டத்துக்கும் நடுவில் உள்ள நாட்கள் மாத்துக்கு. உன் ஆளை நான் எடுத்துக்கொள்கிறேன், என் ஆளை நீ வைத்துக்கொள் என்று கேப்டன்கள் பேசி முடிக்கலாம். ஆனால் சுவர் சம்மதிக்க வேண்டும். ஒரு வருஷம் ரைஸ் மில் மாறனைக் கொடுத்துவிட்டு இரண்டு கார்டுகளை வாங்கினார்கள். குண்டு மாறன் எதிர்ப்பக்கம் போய் வளையத்தடியில் எருமை மாதிரி நின்றுகொண்டான், யாரும் தாண்ட முடியவில்லை. அந்த மாத்தைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்த மாத்து வேண்டுமானாலும் நடந்தது. வேணுவையும் ஆதிராஜையும் ஒரே பக்கம் போடுகிற மாத்து மட்டும் நடக்கவில்லை. "அப்படிப் போட்டா எதிர்ப்பக்கம் வூட்ல போய்த் தூங்கலாம்," என்று சுவர் சொல்லிவிட்டது.

வேணுவுக்கு ஒரு கனவு வரும். அடிக்கடி வரும். மைதானத்தில் யாரும் இல்லை. சுவரும் காலி. மலை மட்டும் எழுந்து வந்து ரோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, ஆட்டம் பார்க்க வந்த மாதிரி. வேணு கையில் பந்து. எதிரே வளையத்தடியில் ஆதிராஜ் கையை உயர்த்தி நிற்கிறான், இவனைப் பார்த்தபடி. வேணு பந்தை விடுகிறான். பந்து ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லப் போகிறது. போகப் போக வெளிச்சமாகிறது. ஆதிராஜ் கையை எட்டுவதற்குள் பால்காரன் மணியடித்துவிடுவான். ஒரு தடவையாவது அது போய்ச் சேர்ந்திருக்கலாம். சேரவில்லை. கனவில்தான் இல்லை என்றால் நனவிலும் இல்லை. அத்தனை வருஷத்தில் ஆட்டத்தின்போது வேணு ஆதிராஜுக்கு ஒரு பாஸ் கொடுத்ததில்லை. எதிர்ப்பக்கத்துக்காரனுக்கு யார் கொடுப்பார்கள்?

வருஷம் போகப் போக மரத்தடியில் வைத்துக்கொள்ளும் பெயர்கள்தான் நீளமாகிக்கொண்டு வந்தன. நெல், மல்லாட்டை எல்லாம் தீர்ந்துபோய், "மழைக்கு முன்னாடி வர்ற மண்வாசனை வேணுமா, மழை வுட்டப்புறம் மலைமேல படுத்துக்கினு இருக்கற மேகம் வேணுமா?" என்று வந்து நிற்பார்கள்.

"பேரு வெக்கச் சொன்னா பாட்டு கட்டிக்கினு வரானுங்க," என்று கேப்டன் தலையில் அடித்துக்கொள்வான். "மேகம்பா, மேகம்."

வேணு மேகம். போவான். ஆதிராஜ் மண்வாசனை. நிற்பான்.

இரண்டாயிரத்து ஒன்று பிறக்கப் போகிற சமயம். ஆதிராஜுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஹூப்ளியில். பொங்கல் முடிந்ததும் போய்ச் சேர வேண்டும். மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் சைக்கிள் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, வேணு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கிறதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்.

"ஹூப்ளியா? அது எங்கடா கீது?"

"கர்நாடகாவுல. ரொம்ப தூரம்."

"அங்க ஞாயித்துக்கெழம உண்டா?"

"இருக்கும்டா. ஆனா உனக்கு வர்ற ஞாயித்துக்கெழமல்லாம் எனக்கு வராதே. ஷிப்ட்டு."

வேணு குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் சுவருக்கு முன்னால் போய் நின்றான். "காணும் பொங்கலுக்கு மட்டும் நானும் ஆதியும் ஒரே பக்கம் ஆடறோம். ஒரு ஆட்டம். அவ்வளவுதான்," என்றான்.

எல்லாருக்கும் பாவமாகத்தான் இருந்தது. பாவம் வேறு, நியாயம் வேறு.

"வேணு, நான் உன்ன எதிர்த்துப் பேசறேன்னு நெனைக்காத," என்று ஆரம்பித்தார் சக்கரபாணி. "நாளைக்கு இன்னொருத்தன் வந்து, எனக்கும் என் மச்சானுக்கும் பாசம் ஜாஸ்தின்னுவான். அப்புறம் ஜோடி எதுக்கு, பிரிக்கறது எதுக்கு?"

"காசிக்கா, நீ சொல்லுக்கா."

காசியம்மாள் கூடையில் கையைவிட்டு அளைந்தாள். "எனுக்கு மட்டும் ஆச இல்லியா? ஆனா போஸ்ட்டுக்கு ஜோடி போஸ்ட்டு. ஒரே பக்கம் ரெண்டு நடுக்கம்பம் நட்டா, அந்தாண்ட வூடு வுழுந்துடும் சாமி."

வேணு திரும்பிப் பத்தடி போனான். பிறகு நின்றான். திரும்பி வந்தான்.

"சரி. நான் போஸ்ட்டு இல்ல."

"இன்னாது?"

"இனிமே நான் கார்டு. எனக்கு ஜோடி அறிவுமதி."

சுவர் சிரித்த சிரிப்பில் மளிகைக் கடைக்காரர் பின்பக்கம் விழப் பார்த்தார். அறிவுமதி டெய்லர் கடையில் காஜா எடுக்கிறவன். ஊரிலேயே குட்டையான கார்டு. பந்தை முழங்காலுக்குக் கீழே தட்டிக்கொண்டு ஓடினால் பந்து எங்கே, கை எங்கே என்று தெரியாது. அவன் வேணுவின் மார் உயரம்கூட இல்லை.

"இவன் பந்து தட்டினா, அது தரையத் தொட்டுட்டு மேல வர்றதுக்குள்ள நான் ஒரு காஜா எடுத்துடுவேன்," என்றான் அறிவுமதி.

"கார்டுன்னு சொன்னா ஆச்சா? ஆடிக் காட்டணும். ஆள் பிரிக்கற அன்னிக்குப் பாக்கறோம்," என்றார் சக்கரபாணி.

அந்த மார்கழி முழுக்க வேணு விடியலில் கிரிவலப் பாதையில் பந்து தட்டினான். பனி இறங்கி மலை இடுப்பு வரைக்கும் காணாமல் போயிருக்கும், உச்சி மட்டும் ஆகாயத்தில் தனியாக மிதக்கும். அந்த வெள்ளையில் நடந்து வருகிறவர்களுக்கு முதலில் சத்தம்தான் கேட்கும். டப், டப், டப். பிறகு ஒரு நெட்டை உருவம் குனிந்து, முதுகை வில்லாக வளைத்து, பந்தை உள்ளங்கையில் கெஞ்சிக்கொண்டே வரும். சாமியார்கள் காலை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். செருப்பில்லாமல் நடந்துபோன வெள்ளைக்காரர் ஒருவர், இதுவும் ஒரு வகைத் தவம்தான் என்று நினைத்தோ என்னவோ, நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். தவம் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பந்து ஒரு நாள் ஓடையில் விழுந்தது. ஒரு நாள் இட்லிக்காரி அடுப்பில் விழப் பார்த்தது. கடைசி வாரத்தில் அது அவன் கையைவிட்டுப் போகவில்லை. பனியும் பந்தும் அவனும் ஒன்றாக நகர்ந்தார்கள். கால் தரையில் படுகிறதா என்றே அவனுக்கு அப்போதெல்லாம் சந்தேகமாக இருக்குமாம்.

"ராவுல முதுகு புடிச்சுவுடச் சொல்ற, காலைல முதுகு ஒடியக் குனியற. இன்னாய்யா வேண்டுதலு?" என்றாள் சந்திரகலா, தைலம் தேய்த்துக்கொண்டே.

"ஒரு பாஸ் குடுக்கணும்," என்றான் வேணு.

"குடுத்துத் தொலையேன். நானா வேணாங்கறேன்?"

மார்கழிக் கடைசி ஞாயிறு. கேப்டன்கள் புகழேந்தியும் தருமனும். வேணு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிக்காட்டினான். அழகாக ஒன்றும் இல்லை, ஏணி ஒன்று நடந்து போகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் பந்து தவறவில்லை. சுவர் காசியம்மாளைப் பார்த்தது. அவள் உதட்டைப் பிதுக்கி, "கார்டுதான்," என்றாள். சக்கரபாணி விசிலைத் துடைத்துக்கொண்டு, "கார்டுதான்," என்றார்.

முதலில் போஸ்ட் ஜோடி. ஆதிராஜும் மாறனும் மரத்தடிக்குப் போய் வந்தார்கள். ஆதிராஜ் புகழேந்தி பக்கம் விழுந்தான். அடுத்தது கார்டு ஜோடி. அறிவுமதி தோளில் வேணு கை போட்டால் கை அவன் இடுப்புக்கு வந்தது. போனார்கள், வந்தார்கள். கேட்கிற முறை இப்போது தருமனுடையது.

"ஊசி வேணுமா, நூல் வேணுமா?" என்று அறிவுமதிதான் கேட்டான். வேணு நூல். தருமன் நூல் என்றால் தீர்ந்தது. மறுபடியும் எதிர்ப்பக்கம்தான்.

தருமன் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தான். மலையைப் பார்த்தான். காது குடைந்தான்.

"சொல்லித் தொலடா," என்று கூடையிலிருந்து குரல் வந்தது.

"ஊசி."

வேணு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆதிராஜ் வந்து கையைக் கொடுத்துத் தூக்கினான். அந்த இரண்டு பேரும் மைதானத்தில் ஒரே கேப்டன் பக்கம் நடந்ததை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

மாத்துக்கு இருந்த நாட்களில் சுவர் தூங்கவில்லை. "ஏமாந்துட்டோம்டா. பேருக்குத்தான் கார்டு, நிக்கப்போறது வளையத்தடியில," என்று ஒரு கட்சி. "நின்னா நான் விசில் ஊதுவேன்," என்று சக்கரபாணி. புகழேந்தியிடம் எத்தனை பேர் தூது போனாலும், "மாத்த மாட்டேன்," என்று ஒரே பேச்சு. "ரெண்டு மரம் என் பக்கம். ஏன் மாத்தணும்?"

காணும் பொங்கல் வந்தது. கரும்புச் சக்கை காலில் மிதிபட, சனம் சுவரைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றது. விசில் ஊதியாயிற்று.

வேணு பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வந்தான். வளையத்தடியில் ஆதிராஜ், மாறனை முதுகால் நெருக்கிக்கொண்டு, கையை உயர்த்தி இவனையே பார்த்தபடி. கனவில் நின்ற மாதிரியேதான் நின்றான். ஆட்டத்தில் அவன் முகம் இப்படியா இருக்கும்? புருவத்தைச் சுருக்கி, வாயைக் கொஞ்சம் திறந்து, பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் தெரியாத பையன் மாதிரி. வேணுவுக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அறிவுமதி வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போனதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"வேணு! கோயில்லயா நிக்கற? பந்து போயிடுச்சுடா!"

இரண்டாவது தடவை பாஸ் கொடுத்தான். ஆதிராஜ் அது வரும் என்று நினைக்கவே இல்லை. வேணு கையில் பந்து இருந்தால் பந்து தனக்கு வராது என்றுதான் அவன் உடம்பு அத்தனை வருஷம் பழகியிருந்தது. பந்து அவன் மார்பில் பட்டு வெளியே உருண்டது. மூன்றாவது தடவைதான் அது நடந்தது. பாஸ் வேண்டாம், நாமே போடுவோம் என்று வேணு உள்ளே புகுந்து எம்பினான். நல்ல எம்பல். பந்து கையைவிட்டுப் போனது. வளையத்துக்கு நேராகப் போனது. அப்போது ஒரு நீளமான கை எழுந்து, அந்தப் பந்தைப் பளீர் என்று அடித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ரோட்டுக்கே அனுப்பிவிட்டது.

ஆதிராஜின் கை.

ஆதிராஜ் தன் கையையே பார்த்தான், யாருடையதோ என்கிற மாதிரி. முதலில் சிரித்தது காசியம்மாள். அப்புறம் ரோடு வரைக்கும் சிரிப்பு.

"சார், தன் டீம் பந்தைத் தானே தடுத்தா இன்னா சட்டம்?"

"சட்டத்துல இல்ல," என்றார் சக்கரபாணி, விசில் வாயிலிருந்து விழ. "இப்படி ஒருத்தன் பண்ணுவான்னு எழுதினவனுக்குத் தெரியல."

சூரியன் மலையைத் தொட்டபோது புகழேந்தி பக்கம் ரொம்பப் பின்தங்கியிருந்தது. ஆதிராஜ் தூக்கோடு சுவரோரம் உட்கார்ந்தான். வேணு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அடிச்சுட்டேன்டா."

"ம்."

"வேணும்னு இல்ல. உன் பந்து மேல போனா என் கை தானா எழும்புது."

"தெரியும்டா."

"அது மட்டும் இல்ல. முதுகுல நீ இல்ல. மாறன் கீறான், ஆனா எனக்குத் தெரிய மாட்டேங்குது. திறந்த வூட்ல படுத்தாப்ல கீது. நீ எங்கியோ தூரமா பந்து தட்டிக்கினு கீற." ஆதிராஜ் கடைசிக் கவளத்தை வழித்தான். "நம்ம ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஆடினா, நீ ஒரு கோடி, நான் ஒரு கோடிடா."

அப்போதுதான் புகழேந்தியும் தருமனும் சேர்ந்து வந்தார்கள். மாறனுக்கு முட்டி பிடித்துக்கொண்டுவிட்டது, இனி நிற்க முடியாது. ஆள் கணக்குக்குச் சுவரிலிருந்து யாரையாவது இறக்கிக்கொள்ளலாம், ஆனால் தருமனுக்குப் போஸ்ட் வேண்டும். புகழேந்திக்கு உருப்படியான கார்டு வேண்டும்.

"வேணுவ எடுத்துக்கோ, அறிவுமதியக் குடு," என்றான் புகழேந்தி.

பாதி ஆட்டத்தில் மாத்து இதுவரைக்கும் நடந்ததில்லை. சுவர் கொந்தளித்தது. கார்டாகப் பிரித்தவனைப் போஸ்ட்டாக மாற்றலாமா? முடியாது என்றார் மேனேஜர். முட்டி போனதற்கு என்ன செய்வது என்றார் மளிகைக்காரர். "இன்னாடா, ஆளாளுக்குக் கத்தறீங்க? அவன ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள் காசியம்மாள்.

எல்லாரும் வேணுவைப் பார்த்தார்கள். ஒரு மார்கழி முழுக்க முதுகு ஒடிந்தது எதற்காக என்று எல்லாருக்கும் தெரியும்.

"போடா," என்றான் ஆதிராஜ், தூக்கை மூடிக்கொண்டே. "அந்தாண்ட போய் என் பின்னாடி நில்லு."

வேணு எழுந்து போனான். போகப் பிடிக்காமல்தான் போனான். ஒரு பாஸ்கூடக் கையில் போய்ச் சேரவில்லையே.

ஆனால் வளையத்தடியில் ஆதிராஜின் முதுகு வந்து மார்பில் சாய்ந்ததும், இரண்டு பேருக்கும் உடம்பு ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் நடந்தது ஆட்டம். சூரியன் போய், மலை நீலமாகி, ஆகாயம் மட்டும் செம்பு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் முகங்கள் கரைந்துபோய் ஆட்கள் எல்லாம் நிழலாக எழும்பி நிழலாக இறங்கினார்கள். பந்து யாருடைய கையிலும் தங்காமல் தானாகவே மிதந்து போவதுபோல் இருந்தது. சுவர்கூடப் பேச்சை மறந்துவிட்டது. புகழேந்தி பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்து ஒரே ஒரு பாயிண்ட் பின்னால் நின்றது. சக்கரபாணி மணிக்கட்டை முகத்தருகே கொண்டுபோய்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

புகழேந்தி பக்கம் வந்துவிட்ட அறிவுமதி கடைசியாக ஒன்று போட்டான். வளையத்தில் பட்டுத் தெறித்தது. ஒரு காடே எழும்பியது. எல்லார் கைக்கும் மேலே வேணுவின் கை. பந்து அவனிடம். அதை இறுக்கிக்கொண்டு நின்றாலே போதும், தருமன் பக்கம் ஜெயித்துவிடும்.

ஆதிராஜ் திரும்பினான். அத்தனை நெருக்கத்தில், எதிரெதிராக. அதே முகம். புருவம் சுருங்கி, வாய் கொஞ்சம் திறந்து. வெறும் கையை உயர்த்தியிருந்தான், பழக்கத்தில்.

வேணு பந்தை அந்தக் கையில் வைத்தான்.

வீசவில்லை, தவறவிடவில்லை. இரண்டு கையாலும், பிரசாதம் கொடுக்கிற மாதிரி வைத்தான். பந்து போய்ச் சேர்ந்தது. ஆதிராஜ் ஒரு கணம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அப்படியே எம்பி, வளையத்தில் போட்டான். விசில்.

"டேய் வேணு! நீ யார் டீம்டா!" தருமன் தலையில் கை வைத்துக்கொண்டு அலறினான்.

"இருட்டிடுச்சுப்பா. ஆள் தெரியல," என்றான் வேணு.

"கட்டின பொண்டாட்டியக்கூட நீ இருட்டுல மாத்திப்ப. நயினார மாத்திப்பியா?" என்றாள் காசியம்மாள். சனத்தோடு நின்றிருந்த சந்திரகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுவர் அப்போதே இரண்டாகிவிட்டது. பந்து பறிபோனதாகத்தான் கணக்கு, கூடை செல்லும் என்று ஒரு பக்கம். எதிராளிக்குத் தானே கொடுத்தது செல்லாது என்று இன்னொரு பக்கம். சக்கரபாணி, "சட்டத்துல இல்ல," என்று மறுபடியும் ஆரம்பித்தார். மாத்தே செல்லாது, ஆகவே ஆட்டமே செல்லாது என்று மேனேஜர். பொழுது இருந்ததா இல்லையா என்று மளிகைக்காரர். ஆளுக்கொரு கை மல்லாட்டையை வாங்கிக்கொண்டு தோலை உரித்துப் போட்டபடி பேசினார்கள்.

ஆட்டம் முடிந்தால் இரண்டு பக்கமும் வரிசையாக எதிரெதிரே நடந்து கை கொடுத்துக்கொள்வது வழக்கம். வேணு தோற்ற வரிசையில் கடைசியாகப் போய் நின்றான். தருமன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரிசை நகர்ந்தது. புகழேந்தி வந்தான், அறிவுமதி வந்தான், இன்னும் யார் யாரோ வந்தார்கள். ஆதிராஜ் வந்தான். கையைக் கொடுத்தான்.

"நல்ல பாஸ்டா," என்றான், மெல்ல.

வேணு கையை விடவில்லை. ஆதிராஜும் இழுத்துக்கொள்ளவில்லை. வரிசை அங்கேயே தடைப்பட்டு, பின்னால் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

"கடைசி பஸ்ஸு போயிடும், நகருங்கடா யப்பா," என்று யாரோ கத்தினார்கள்.

நகரவில்லை.